என் டோனட்டுக்கு பேக்கரி பெயர்

நான் செய்த டோனட்டை பஸ் ஸ்டாண்ட் பேக்கரியில் வாங்கியது என்று, நிச்சயதார்த்தம் பேச வந்த சம்பந்தி வீட்டாரிடம் என் மனைவியே சொல்லிவிட்டாள்.

அமெரிக்காவில் அமிஷ் மக்கள் செய்கிறபடி, உருளைக்கிழங்கை வேகவைத்து மாவோடு பிசைந்து, பொங்கவிட்டுப் பொரித்தவன் நான். வீடியோ பார்த்து நானாகக் கற்றது.

சமையலறைக்கு வந்தவளிடம் ஏன் என்று கேட்டேன்.

"ஏங்க, ஆம்பள மாவு பிசைஞ்சுக்கினு இருந்தாருன்னு தெரிஞ்சா நம்ம பொண்ண இன்னா நினைப்பாங்க?"

கூடத்திலிருந்து சம்பந்தியம்மா குரல் வந்தது: "பஞ்சு மாதிரி இருக்குதும்மா! நிச்சயத்துக்கும் அந்த பேக்கரியிலயே சொல்லிடுங்க."

நல்லது. இப்படி டோனட் போடும் பேக்கரியை என் மனைவி பெரிய காஞ்சிபுரம் முழுக்கத் தேடட்டும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த மகள், மாப்பிள்ளையிடம் உண்மையைச் சொல்லட்டும். சம்பந்தியம்மா என்னிடம் நேராகக் கேட்கட்டும்.

பிறகுதான் நான் உருளைக்கிழங்கை அடுப்பில் வைப்பேன்.