நான் கொடுத்த ஃபைவ் நைன்

மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவள் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. கல்யாண வீட்டில் சாம்பார் நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்றே சொல்வேன். அதனாலேயே என் வீட்டுக்காரர் என்னைப் பரிமாறுகிறவர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து உட்கார வைப்பார். அப்படிப்பட்ட நான், இருபது வருஷப் பழக்கமுள்ள ஒரு மனிதரிடம் ஒன்றரை மாதம் தினமும் ஒரே பொய்யைச் சொன்னேன். இரண்டே சொல் கொண்ட பொய் அது.

எனக்கு அமெச்சூர் ரேடியோ பழக்கம். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, வீட்டில் சொந்த டிரான்ஸ்மிட்டர் வைத்துக்கொண்டு வெளியூர்க்காரர்களோடு பேசுவது. இதில் சம்பாத்தியம் எதுவும் இல்லை. மல்லேஸ்வரத்தில் எங்கள் மாடியில் ஒரு இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் கம்பி இறக்கிக் கட்டியிருக்கிறேன். நாற்பது மீட்டர் அலைவரிசைக்கான ஆன்டெனா. மொத்தம் இருபது மீட்டர் கம்பி வேண்டும், அதைத் தூக்கிக் கட்ட உயரம் வேண்டும், சுற்றி ஆகாயம் வேண்டும். இந்த மூன்றும் பெங்களூரில் யாருக்குக் கிடைக்கிறது? போதாக்குறைக்கு எல்.இ.டி. விளக்கு, லிஃப்ட், போன் சார்ஜர் என்று ஊரே இரைகிறது. காலையில் நான் ரேடியோவில் உட்கார்ந்தால் முதலில் வீட்டு யு.பி.எஸ்ஸை அணைப்பேன். இன்டர்நெட் போய்விடும். வீட்டுக்காரர் செய்தி படிக்க முடியாமல் ஹாலில் முணுமுணுத்துக்கொண்டு காபி குடிப்பார்.

காலை ஆறரை மணிக்கு நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே அலைவரிசையில் கூடுவோம். மைசூர், ஹாசன், சேலம், கோயம்புத்தூர் என்று ஆளுக்கொரு ஊர். இதை நெட் என்போம். ஒருவர் தலைமை ஏற்று, வரிசையாக ஒவ்வொருவரையும் கூப்பிடுவார். அவர் கூப்பிடும்வரை மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. கூப்பிட்டதும் முதலில் சொல்ல வேண்டியது சிக்னல் ரிப்போர்ட். அது இரண்டு எண். பேச்சு எவ்வளவு தெளிவாகப் புரிகிறது என்பதற்கு ஐந்து வரை, ரேடியோவில் உள்ள மீட்டரைப் பார்த்து, சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பதற்கு ஒன்பது வரை. ஃபைவ் நைன் என்றால் அதற்கு மேல் இல்லை.

நடைமுறையில், கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஃபைவ் நைன் கொடுப்பது எங்கள் கூட்டத்தில் ஒரு மரியாதையாகிவிட்டது. "யு ஆர் ஃபைவ் நைன், உங்க பேர் புரியல, இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்று கூசாமல் கேட்கிறவர்கள் உண்டு. இந்த வழக்கத்துக்கு வளைந்துகொடுக்காதவர்கள் எங்கள் நெட்டில் இரண்டே பேர். ஒருத்தி நான். மற்றவர் நெட்டின் தலைவர்.

அவர் ஜோகுபாளையத்துக்காரர். மூன்று தலைமுறையாக அங்கேயே இருந்த தமிழ்க் குடும்பம். மாநில அரசு வேலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழில் ஆரம்பித்த வாக்கியத்தைக் கன்னடத்தில் முடிப்பார். ரிப்போர்ட் கொடுப்பதில் மகா கறார். "சார் மீட்டர்ல ஒம்போதுங்கற நம்பரே கெடையாதுங்க" என்று கோயம்புத்தூர்க்காரர் கேலி செய்வார். அவர்கள் இருவருக்கும் அப்படி ஒரு ஒட்டுதல். நேரில் பார்த்தது நாலைந்து முறைதான் இருக்கும், ஆனால் ஒருவர் குரலில் சளி பிடித்தால் மற்றவர் கஷாயம் சொல்வார்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஜோகுபாளையம் வீட்டை பில்டரிடம் கொடுத்தார்கள். இவருக்கு விருப்பமில்லை, ஆனால் ஒருவர் சொல் என்ன எடுபடும்? மாடியில் இருந்த ஆன்டெனாவைத் தன் கையாலேயே இறக்கினார். புது ஃபிளாட் கட்டி முடியும்வரை ஈஜிபுராவில் மூன்றாவது மாடியில் ஒரு வாடகை வீடு. எதிர் வீட்டு பால்கனியைக் கை நீட்டித் தொடலாம். மாடியில் கம்பி கட்ட ஓனரைக் கேட்டிருக்கிறார். ஓனர், "பேடா சார், இடி விழும்" என்று மறுத்துவிட்டார். அதனால் பால்கனி கிரில்லை ஒட்டி, துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில், கம்பியை மடக்கி மடக்கிக் கட்டிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில், நெட்டுக்கு மற்றவர்கள் வந்து சேருமுன் என்னைக் கூப்பிட்டார். இரைச்சலுக்கு அடியில் நூல் போல ஒரு குரல். இருபது வருஷமாகக் கேட்ட குரல் என்பதால்தான் கண்டுபிடித்தேன். பாதி வார்த்தை காதில் விழுந்தது, மீதியை நானே போட்டுக்கொண்டேன். பத்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் எனக்கே இந்த கதி. உண்மையான ரிப்போர்ட் த்ரீ டூ.

"புது ஆன்டெனா மேடம். எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் இருந்த ஆவலை என்னால் தாங்க முடியவில்லை. வீடு போய், மாடி போய், மனிதர் ஒரு கொடிக்கம்பியை நம்பி உட்கார்ந்திருக்கிறார். "ஃபைவ் நைன் சார்" என்றேன். அவர் சிரித்தது இரைச்சலுக்குள் எப்படியோ கேட்டது. இன்று ஒரு நாள் சந்தோஷப்படட்டும், நாளைக்கு மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாளும் நெட்டுக்கு முன்னாலேயே கேட்டார். மறுநாளும் அதையே சொன்னேன். முதல் நாள் சொன்னதை எப்படி மாற்றுவது?

மற்ற ஊர்க்காரர்கள் யாருக்கும் அவர் குரல் எட்டவில்லை. அவர் வரிசையாகக் கூப்பிடுவார், ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மைசூர்க்காரர் ஹாசன்காரரோடு மழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். தலைவரைக் காணோமே என்று சில நாள் பார்த்துவிட்டு, "சார் வர்ற வரைக்கும் நான் கூப்புடறனுங்க" என்று கோயம்புத்தூர்க்காரர் நெட்டை எடுத்துக்கொண்டார். அவர்கள் பேசுவது இவருக்குக் கேட்கிறது, இவர் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை. இவருக்கு அது தெரியாது, ஏனென்றால் நான் ஃபைவ் நைன் கொடுத்திருக்கிறேன்.

ரிலே என்று ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் குரல் எட்டாதபோது இடையில் இருப்பவர் அதை வாங்கி அப்படியே திருப்பிச் சொல்வது. எங்கள் கூட்டத்தில் அதைத் தட்டாமல் செய்வோம். நான் செய்யவில்லை. ரிலே என்று வாயைத் திறந்தால் அவர் சிக்னல் போகவில்லை என்று வெளிச்சமாகிவிடும். என் பொய்யைக் காப்பாற்றிக்கொள்ள அவரைத் தனியே கத்தவிட்டேன்.

ஒரு நாள் அவர் கோயம்புத்தூருக்கு போன் போட்டுச் சண்டை பிடித்தார். கோயம்புத்தூர்க்காரர் உடனே என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், சார் என்னை என்னென்னமோ பேசிட்டாருங்க. கேக்காத மாதிரி நடிக்கறேனாமா. சத்தியமா ஒண்ணுமே கேக்கலீங்க. உங்களுக்குக் கேக்குதுங்களா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "எனக்குப் பரவாயில்லாம கேக்குது" என்று மென்று முழுங்கினேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் ஈஜிபுராவிலிருந்து போன் வந்தது. "ஏம்மா, ரேடியோ செட்டைக் குடுத்துடலாம்னு இருக்கேன். யாராச்சும் வேணும்பாங்களா, கேட்டுச் சொல்லு." குரலில் கோபமே இல்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. "சொந்த வீட்ல பெரிய ஆன்டெனா போட்டுக்கினு இருந்தவரைக்கும் சார் சார்னாங்க. வாடகை வீட்டுக்கு வந்ததும் மேல ஏறிப் பேசறாங்க. தாழ்வா இருக்கற கம்பி நேரா மேலதான் அடிக்கும், ஆகாயத்துல பட்டுத் திரும்பி பக்கத்து ஊருக்கெல்லாம் நல்லாவே போவணும். உனக்கு ஃபைவ் நைன், கோயம்புத்தூருக்கு என்னா கேடு? பிடு, விட்டுடு, போதும் எனக்கு."

மறுநாள் காலை நான் நெட்டுக்கு உட்காரவில்லை. மெட்ரோவும் பஸ்ஸும் மாறி, ஆறரைக்கு முன்னால் ஈஜிபுரா போய்ச் சேர்ந்தேன். விடிந்ததும் விடியாததுமாக வந்து நிற்கும் என்னைப் பார்த்து அவர் மனைவி பதறிவிட்டார். சார் செட்டைத் துடைத்து அட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். "ஒரு வாட்டி ஆன் பண்ணுங்க சார்" என்றேன்.

தங்கள் ரிசீவரை இன்டர்நெட் வழியாக யார் வேண்டுமானாலும் கேட்கும்படி திறந்து வைத்திருப்பவர்கள் உண்டு. சேலம் பக்கத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. அதை என் போனில் திறந்து அவர் காதருகே வைத்தேன். முதலில் கோயம்புத்தூர்க்காரர் நெட்டைக் கூப்பிடுவது பக்கத்து அறையில் பேசுவது போலக் கேட்டது. "இப்ப நீங்க கூப்புடுங்க" என்றேன். கூப்பிட்டார். போனில் அந்த ஒலி வந்து சேரச் சில விநாடி ஆகும். காத்திருந்தோம். வெறும் இரைச்சல். மறுபடி கூப்பிட்டார், இந்த முறை உரக்க. இரைச்சல்தான். மூன்றாவது முறை அவர் மைக்கை எடுக்கவில்லை.

"மல்லேஸ்வரத்துல எவ்ளோ?" என்று கேட்டார்.

"த்ரீ டூ."

"மொத நாள்லேர்ந்தா?"

"ஆமா சார்."

அவர் மனைவி காபி டம்ளரோடு வந்தவர், எங்கள் முகத்தைப் பார்த்து வாசல்படியிலேயே நின்றுவிட்டார். சார் கிரில்லில் கட்டிய கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது எனக்கு.

"கம்பி சரியில்லன்னு சொல்லியிருந்தா கம்பியை மாத்தியிருப்பேனேம்மா" என்றார். "மனுஷங்க சரியில்லன்னு இல்ல நெனச்சுட்டேன்."

நான் அழுதேன். இந்த வயதில், இன்னொருவர் வீட்டு பால்கனியில், காய்கிற துணிகளுக்கு நடுவே நின்று அழுதேன். அவர் காபியை மட்டும் குடிக்கச் சொன்னார்.

மறுநாள் அவர் நெட்டில் பேசினார். ஈஜிபுராவிலிருந்து அதே கம்பியில், அதே த்ரீ டூவில். நான் மல்லேஸ்வரத்தில் வீட்டு மெயின் ஸ்விட்சையே அணைத்துவிட்டு, செட்டை பேட்டரியில் போட்டு, ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார், நான் ஒவ்வொன்றாக ரிலே செய்தேன். ரிலேயில் நம் சொல் ஒன்று சேரக் கூடாது, அவர் சொல் ஒன்று விடக் கூடாது.

"என் சிக்னல் ஒங்களுக்கு வரலை. அது தெரியாம கண்டபடி பேசிட்டேன். குறிப்பா கோயம்புத்தூரை. ஆன்டெனா மோசம். நான் செக் பண்ணியிருக்கணும், பண்ணல. தப்பு என்னுது. மன்னிக்கணும்."

தப்பு என்னுது என்பதையும் அப்படியே திருப்பிச் சொன்னேன். அவர் என் பேச்சையே எடுக்கவில்லை. அப்படியே விட்டிருந்தால் விஷயம் அவர், அவர் மனைவி, நான் என்று மூன்று பேரோடு போயிருக்கும். "ரிலே முடிஞ்சது. இனிமே நான் பேசறேன்" என்றேன். முதல் நாளிலிருந்து எனக்கே சரியாகக் கேட்கவில்லை என்பதையும், ஃபைவ் நைன் என்று தினமும் சொன்னதையும், கோயம்புத்தூர்க்காரர் கேட்டபோதும் மறைத்ததையும் அத்தனை ஊருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

பிறகு கோயம்புத்தூர்க்காரர் வந்தார். "சார், நமக்குள்ள மன்னிப்பெல்லாம் எதுக்குங்க. நல்ல கம்பியாக் கட்டிப்போட்டு நீங்களே வந்து கூப்புடுங்க. நான் சும்மா நெட்டைப் பாத்துக்கிட்டிருந்ததுதானுங்க." அது ஈஜிபுராவுக்கு நேராகவே கேட்டிருக்கும். என்னிடம் அவர் சொன்னது ஒன்றுதான். "மேடம், நான் போன் பண்ணிக் கேட்டனே."

கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பிதான், இடி வந்தால் கழற்றிவிடலாம் என்று ஓனரிடம் கன்னடத்தில் நயமாகப் பேசி, அவர் மாடியில் கட்ட அனுமதி வாங்கினார். தண்ணீர்த் தொட்டியிலிருந்து கைப்பிடிச் சுவர்வரை கம்பியை இழுத்துக் கட்ட நானும் கூட நின்று பிடித்தேன். அடுத்த வாரமே எல்லா ஊருக்கும் அவர் குரல் போய்ச் சேர்ந்தது. நெட்டும் அவர் கைக்குத் திரும்பியது.

என்னோடு பழையபடியே பேசுகிறார். காபிக்குக் கூப்பிடுகிறார், என் வீட்டுக்காரரின் முட்டி வலியை விசாரிக்கிறார். தினமும் முதலில் என்னைத்தான் அழைத்து ரிப்போர்ட் கேட்கிறார். "ஃபைவ் செவன் சார்" என்கிறேன். மீட்டரைப் பார்த்து, உள்ளது உள்ளபடி.

"தேங்க்ஸ் மேடம்" என்கிறார். பிறகு ஒரு நொடி விட்டு, "கோயம்புத்தூர், நீங்க சொல்லுங்க, எவ்ளோ வருது?" என்று கேட்கிறார்.