சணல் இலைத் தட்டியும் சமையலறைப் பலகையும்

ஜப்பானில் கனுமா ஊரில் அகுட்சுவின் மரப்பட்டறையில் மசுயோவுக்கு ஒரே ஒரு வேலைதான். குச்சி அறுப்பது. ஹினோக்கி என்னும் ஊசியிலை மரத்தை ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கு அறுத்து, இழைத்து, நூறு நூறாகக் கட்டி மாடிக்கு அனுப்புவாள். மாடியில் தொமெஜியும் மற்றவர்களும் அந்தக் குச்சிகளை ஆணியில்லாமல் ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பூவாகவும் இலையாகவும் பின்னித் தட்டி செய்வார்கள். தட்டி பெட்டிக்குள் போகும். பெட்டி லாரியில் போகும். அதற்கப்புறம் அது எந்த ஊரில் யார் வீட்டில் நிற்கிறது என்பது மசுயோவுக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷம் இப்படியே போயிற்று.

அவள் சணல் பயிரிடும் வீட்டில் பிறந்தவள். ஊறவைத்த தண்டிலிருந்து உரித்த நாரைப் பலகைமேல் போட்டுச் சீவி, பொன் நிறத்தில் நாடா மாதிரி எடுக்கிற வேலையைப் பத்து வயதிலிருந்தே செய்தவள். நார் எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று கட்டைவிரல் சொல்லிவிடும். ஒரு பஸ் டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டு, இருபத்து நாலாவது வயதில் அகுட்சு பட்டறைக்குக் கூட்டிப்பெருக்க வந்தாள். ஒரு நாள் கட்டி வைத்திருந்த குச்சிகளிலிருந்து ஆறு குச்சிகளை உருவித் தனியே போட்டாள்.

"ஏம்மா, அதை எதுக்குக் கலைக்கிற?" என்றார் முதலாளி.

"இது ஆறும் தடிங்க."

முதலாளி சிரித்துக்கொண்டே அளவுகோலை வைத்துப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை. ஆறும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடுதல். அடுத்த வாரம் துடைப்பம் வேறொருத்தி கைக்குப் போயிற்று. மசுயோ ரம்பத்துக்கு முன்னால் நின்றாள்.

மாடியில் இருக்கும் தொமெஜிக்கு அவளைவிட ஆறு வயது கூடுதல். கெட்டிக்காரக் கை. வாய் அதைவிடக் கெட்டி. இலை சரியாக உட்காராவிட்டால் குற்றம் எப்போதும் குச்சியின் மேல்தான். மாடிப்படியில் நின்று குரல் கொடுப்பார்.

"மசுயோ! நீ அனுப்பினது குச்சியா, கோயில் தூணா?"

"தூண்தான் அண்ணே. உங்களை மாதிரி பெரிய சாமியைத் தாங்கணும்ல!" என்று இவள் கீழேயிருந்து கத்துவாள்.

மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். மழைக்காலத்தில் மரம் உப்பும்போது இந்தக் கச்சேரி ஒரு நாளைக்கு நாலு முறை நடக்கும்.

1983 பிப்ரவரியில் மலைமேல் இருக்கும் ஒரு வெந்நீர் ஊற்று விடுதியிலிருந்து பட்டறைக்குக் கடிதம் வந்தது. ஆறு மாதம் முன்பு தங்கள் பெரிய கூடத்துக்குச் செய்துகொடுத்த சணல் இலைத் தட்டி வருகிறவர்களையெல்லாம் மயக்குகிறது, செய்தவர்கள் எல்லோரும் ஒரு ராத்திரி வந்து தங்கிக் குளித்துச் சாப்பிட்டுப் போகவேண்டும் என்று விடுதியை நடத்தும் ஹிசானோ அம்மாள் எழுதியிருந்தார்.

"எல்லாரும்னா எல்லாருமா?" என்று மசுயோ கேட்டாள்.

"குச்சி இல்லாம தட்டி ஏது? கிளம்பு" என்றார் முதலாளி.

ஆறு பேர் வேனில் ஏறினார்கள். மலையேறும்போதே பனி தூறத் தொடங்கிவிட்டது. விடுதிக்குள் நுழைந்து செருப்பு மாற்றிக்கொண்டதும், மற்றவர்கள் குளிக்கும் இடம் எங்கே என்று கேட்க, மசுயோ மட்டும் கூடத்துக்குள் போனாள்.

சுவர் அகலத்துக்கு ஆறு தட்டிகள் நின்றன. பின்னால் ஜன்னல். வெளியே பனி வெளிச்சம். இலைகள் ஒவ்வொன்றும் கோடு கோடாக எழுந்து நிற்க, அவற்றின் நிழல் பாயின்மேல் இன்னொரு தட்டியாக விழுந்து கிடந்தது. மசுயோவுக்குக் குச்சி என்றால் கட்டு. கட்டு என்றால் நூறு. இத்தனை ஆயிரம் குச்சியும் தன் கைவழியே போனவை என்று அவளுக்கு முதலில் உறைக்கவேயில்லை. பிறகு கிட்டே போய்க் கட்டைவிரலால் ஒரு குச்சியைத் தடவினாள். அதுதான். அவளுடையதுதான். மூக்கு உரசும் அளவுக்கு முகத்தை வைத்துக்கொண்டு கீழ்வரிசையிலிருந்து மேல்வரிசை வரை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தேநீர் கொண்டுவந்த பணிப்பெண் பயந்துபோனாள்.

"அம்மா, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"இல்லம்மா. சொந்தக்காரங்களைப் பார்த்துட்டிருக்கேன்."

சாயங்காலம் ஆறு மணிக்கே அந்தக் கூடத்தில் விருந்து தொடங்கியது. சுட்ட ஆற்றுமீன், மலைக்கிழங்கு, கொதிக்கும் சட்டியில் காளான். சூடான சாக்கே என்னும் அரிசி மது சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டாவது சுற்றிலேயே தொமெஜி எழுந்துவிட்டார். வருஷம்தோறும் விருந்தில் அவர் ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. தலையில் துண்டைக் கட்டி, மூங்கில் கூடையைக் கையில் வாங்கி, சேற்றில் அயிரை மீன் பிடிப்பதுபோல இடுப்பை ஆட்டி ஆட்டி ஆடுவார். விடுதிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பைக் கண்டதும் அவருக்கு உற்சாகம் தலைக்கேறிற்று. கற்பனை அயிரை ஒன்று கூடையிலிருந்து துள்ள, அதைப் பிடிக்கப் பின்பக்கமாகவே போனார். போனவரின் குதிகால் உட்காரும் மெத்தை ஒன்றில் தடுக்கிற்று.

சடசடவென்று ஒரு சத்தம். தொமெஜி நான்காவது தட்டிக்குள் உட்கார்ந்திருந்தார்.

முதலாளிதான் அவரைக் கையைப் பிடித்துத் தூக்கினார். அவருக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. தட்டியில் நெடுங்குச்சிகள் வளைந்து கொடுத்துத் தப்பியிருந்தன, இரண்டு மட்டும் விரிசல். ஆனால் நடுவே, நெடுங்குச்சிகள் பின்னிய முக்கோணங்களில் முப்பத்தொன்றின் இலைகள் நொறுங்கிப் பாயில் சிதறிக் கிடந்தன.

ஹிசானோ அம்மாளின் முகம் மாவாய் வெளுத்துவிட்டது. "நாளைக்குப் பதினோரு மணிக்கு இங்கே ஒரு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையோட அப்பா இந்தத் தட்டியைப் பார்த்துட்டுத்தான் இடத்தையே பேசினார்."

"பட்டறைக்குப் போய்க் குச்சி எடுத்துட்டு வந்துடறோம்" என்றார் முதலாளி.

"பனியில பாதையை மூடியாச்சு. இப்பத்தான் போன் வந்தது. நாளைக்கு மத்தியானம்தான் திறப்பாங்களாம். நிச்சயதார்த்தக்காரங்க கீழே கிராமத்திலேருந்து நடந்தே வந்துடுவாங்க."

தொமெஜி துண்டைத் தலையிலிருந்து அவிழ்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். மசுயோ குனிந்து உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கைக்குட்டையில் சேர்த்தாள்.

"இங்க ஹினோக்கி மரம் ஏதாவது இருக்கா அம்மா? நல்லா காய்ஞ்சது?"

விடுதிக்காரம்மாள் யோசித்தார். "சமையல்காரர்கிட்ட ஒரு புதுப் பலகை இருக்கு, காய் நறுக்கறதுக்கு..."

"இருக்கு. ஆனா தர மாட்டேன்." கதவோரம் நின்ற சமையல்காரரின் குரல். "ரெண்டு வருஷமா ஒரு சொட்டுத் தண்ணி காட்டாம நிழல்ல வெச்சிருக்கேன். கத்திகூட இன்னும் பட்டதில்லை."

"அப்படிப்பட்டதுதான் எனக்கு வேணும்" என்றாள் மசுயோ.

"என்னம்மா இது, பொண்ணு கேட்டு வந்தவ மாதிரி பேசறே!"

"பொண்ணாவே வெச்சுக்கோங்க. நல்ல இடத்துல வாழும். தினமும் முள்ளங்கியால அடி வாங்க வேண்டாம்."

சமையல்காரர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை.

குடித்த கையில் யாரும் கத்தி எடுக்கக்கூடாது என்று முதலாளி எல்லோரையும் படுக்க அனுப்பினார். விடிந்தும் விடியாமலும் ஐந்தரை மணிக்குச் சமையலறையில் கூடினார்கள். விடுதியில் எடுபிடி வேலை பார்ப்பவர் ஒரு ரம்பமும் இழைப்புளியும் இரண்டு உளியும் கொண்டுவந்து கொடுத்தார். மசுயோ இழைப்புளியின் வாயைத் திருப்பிப் பார்த்து, கல்லில் கால் மணி நேரம் தீட்டினாள்.

பட்டறையில் என்றால் இயந்திரம் இருக்கிறது. இங்கே அளவுகோல்கூடக் கிடையாது. வேனில் வரும்போது யார் அளவுகோலைக் கொண்டுவருவார்கள்? மசுயோ மடித்து வைத்திருந்த கைக்குட்டையை அவிழ்த்தாள். நேற்றுப் பொறுக்கியவற்றில் நீளமான இரண்டு துண்டுகளை எடுத்து, வடித்த சோற்றைக் குழைத்துப் பசையாக்கி, இழைப்புளியின் அடியில் இரண்டு ஓரத்திலும் தண்டவாளம் மாதிரி ஒட்டினாள். அடுப்பருகே வைத்துக் காயவிட்டாள்.

முதலாளிக்குப் புரிந்துவிட்டது. "அடேங்கப்பா!"

"என்ன பண்றா?" என்று தொமெஜி மெதுவாகக் கேட்டார்.

"இந்தத் துண்டு ஒன்றரை மில்லி. நடுவுல குச்சியை வெச்சு இழைச்சா, ஓரம் ரெண்டும் மேஜையில முட்டற வரைக்கும்தான் சீவும். அதுக்கு மேல ஒரு இழைகூட எடுக்காது" என்றார் முதலாளி.

பலகையின் ஒரு ஓரத்தை அறுத்து, கட்டைகளாக்கி, நார் ஓடும் போக்கில் கத்தியை வைத்துத் தட்டித் தட்டிப் பிளந்தாள். பிளந்த சீவலை மேஜையில் வைத்து இழைத்தாள். முதலில் கரகரவென்றது. பிறகு சர்ரென்றது. பிறகு சத்தமே இல்லை. கையில் எடுத்துக் கட்டைவிரலை ஓட்டினாள். தொமெஜியிடம் நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. "ஏன் என்னைத் திட்ட மாட்டேங்கிறே? ராத்திரியிலேருந்து ஒரு வார்த்தை சொல்லலை."

"முதல்ல வேலை அண்ணே. திட்டறதுக்கு ஆயுசு கிடக்கு."

"அந்தத் தட்டியில நாலு மாசம் கிடந்தேன் நான்."

"தெரியும். நானும்தான் கீழே கிடந்தேன். வாங்கிக்கோங்க, கை வலிக்குது."

தொமெஜி வாங்கினார். சமையல்காரரின் மீன் அரியும் கத்தியால் முனைகளைச் சாய்வாகச் சீவி, முதல் குச்சியையும் இரண்டாவதையும் முக்கோணத்துக்குள் மடக்கி வைத்தார். மூன்றாவது குச்சிதான் பூட்டு. அது தளர்ந்தால் மூன்றும் உதிரும், தடித்தால் மூன்றும் உடையும். விரலால் அமுக்கினார். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். தட்டியை உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

அதற்குப் பிறகு பேச்சு குறைந்தது. மசுயோ இழைக்க, தொமெஜி சீவிச் செருக, முதலாளி விரிசல் கண்ட நெடுங்குச்சிகளுக்குச் சோற்றுப்பசை வைத்து நூல் கட்டினார். மற்ற மூவரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டார்கள். சமையல்காரர் ஒரு பக்கம் சிவப்புப் பயறு போட்டு விருந்துச் சோறு வேகவைத்துக்கொண்டே, தன் பலகை என்னவாகிறது என்று எட்டி எட்டிப் பார்த்தார். பத்து மணிக்கு அவரே ஒரு குச்சியை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்து, "நான் சீவற முள்ளங்கியைவிட மெலிசா இருக்கே" என்றார்.

பத்தே முக்கால் மணிக்குக் கடைசிக் குச்சி, தொண்ணூற்று மூன்றாவது, உட்கார்ந்தது. நூலை அவிழ்த்துத் தட்டியை நிறுத்தினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் குறையில்லை. கிட்டே வந்தால், புதுக்குச்சிகள் மட்டும் வெண்ணெய் நிறத்தில் வெளுத்துத் தெரிந்தன.

"டீத்தண்ணி தடவினா?" என்றார் ஹிசானோ அம்மாள்.

"தடவினா இன்னிக்கு ஒத்துப்போகும், அடுத்த வருஷம் இது மட்டும் கறுத்துப்போகும். விட்டுடுங்கம்மா. வெயில் பார்த்துக்கும்" என்றாள் மசுயோ.

ஆறு பேரும் சமையலறையில் ஒளிந்துகொள்ளாத குறையாக உட்கார்ந்திருந்தார்கள். கூடத்திலிருந்து வாழ்த்துச் சத்தமும் பாத்திரச் சத்தமும் கேட்டன. பிறகு ஒரு கனத்த ஆண்குரல்: "இங்க மட்டும் வெளுப்பா இருக்கே, ஏன்?"

ஹிசானோ அம்மாளுக்குப் பொய் வராது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், அயிரை ஆட்டம் உட்பட. பிறகு அந்தக் கனத்த குரல் சிரித்த சிரிப்பில் சமையலறைத் தட்டுகள் அதிர்ந்தன.

"கூப்பிடுங்க அவங்களை! முதல்ல அந்த அயிரைக்காரரைக் கூப்பிடுங்க!"

மேலங்கியில் மரத்தூளோடு ஆறு பேரும் போய் வரிசையாகத் தலை வணங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா தொமெஜியின் கையில் கிண்ணத்தைத் திணித்தார். பெண் வெட்கத்தோடு மசுயோவைப் பார்த்து, "இதுல நீங்க எதைச் செஞ்சீங்க அத்தை?" என்று கேட்டாள்.

மசுயோ வாயைத் திறப்பதற்குள் தொமெஜி முந்திக்கொண்டார். "இதெல்லாம் இவ அறுத்த குச்சிம்மா. ஒரு இழை கூடினாலும் குறைஞ்சாலும் நான் மேலே உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்."

மசுயோவுக்குக் காது சூடாகிவிட்டது. சிவப்புப் பயற்றுச் சோற்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். இரண்டாவது கிண்ணமும் வாங்கிச் சாப்பிட்டாள்.

மூன்று மணிக்குப் பாதை திறந்தது. ஊர் திரும்பிய அந்த வாரமே முதலாளி நல்ல ஹினோக்கிப் பலகை ஒன்றைச் சமையல்காரருக்கு அனுப்பிவைத்தார். இது கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது, ஆனாலும் பரவாயில்லை என்று பதில் வந்தது. அதிலிருந்து தட்டி பொருத்தப் போகிறபோதெல்லாம் லாரியின் முன் இருக்கையில் மசுயோவுக்கு இடம். அந்த ஏப்ரலில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போனார்கள். தட்டி நிமிர்ந்து வெளிச்சம் விழுந்ததும் அவள் வழக்கம்போல மூக்கை ஒட்டி வைத்துப் பார்க்கத் தொடங்க, பின்னால் காத்திருந்த நோயாளி ஒருவர், "அந்தம்மாவுக்கு எந்தப் பல்லுங்க?" என்று தொமெஜியிடம் இரக்கத்தோடு விசாரித்தார்.