கித்தாப்பாலில் செய்த குழாய்

மோட்டார் சைக்கிள் வழியில் நின்றுவிட்டால் முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கரி பிடித்திருந்தால் சுரண்டித் துடைக்க வேண்டும். பொறி நன்றாக வருகிறது, அப்படியும் கிளம்பவில்லை என்றால் பெட்ரோல் ஒழுங்காக இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பொம்பளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் வீட்டில் என்னைவிட அந்த வண்டிக்குத்தான் உபசாரம் அதிகம். எனக்குத் தலைக்குத் தேய்க்கத் தேங்காய் எண்ணெய் கிடையாது, அதன் சங்கிலிக்கு உண்டு.

வெள்ளைக்காரத் துரை ஓடும்போது விட்டுப்போன வண்டி. மலாயாவில் கோலா கெத்தில் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தை எடுத்துக்கொண்ட ஜப்பான் அதிகாரி, துரையிடம் டிரைவராக இருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, தகவல் கொண்டுபோக இந்த வண்டி ஓட வேண்டும், ஓடாவிட்டால் நீ சயாமுக்கு ரயில் பாதை போடப் போ என்று சொல்லிவிட்டான். சயாமுக்குப் போன எவரும் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை.

வண்டியோ சுங்கை பட்டாணிக்குப் போகும் சடக்கில் பாதி வழியில் நின்று நின்று உயிரை வாங்கியது. அவர் கார்புரேட்டரைப் பிரித்தார். ஊசித் துளைக்குள் பிசுபிசுவென்று ஏதோ அடைத்திருந்தது. அதை அடுப்பில் காட்டினார். கித்தா நாற்றம், ரப்பர் எரிகிற அதே நாற்றம்.

"எவனோ டாங்கியில கித்தாப் பால ஊத்தியிருக்கான்" என்றார்.

அன்றிலிருந்து பிடித்தது சனியன். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், லயத்தில், அவர் சந்தேகப்படாத ஆள் பாக்கியில்லை. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி அந்த வண்டிமேல் கண்ணாக இருந்தவர். அவர்மேல் எனக்கும் சந்தேகம்தான். என் வீட்டுக்காரர் வண்டியை வீட்டுக்குள் ஏற்றி, டாங்கி மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டி, முடிச்சுக்குக் கரியால் அடையாளம் வைத்தார். முடிச்சு அவிழவே இல்லை. பிசின் மட்டும் மறுபடி வந்தது.

அப்படியென்றால் வீட்டு ஆள்தான் என்று முடிவு கட்டிவிட்டார். வீட்டில் எங்களைத் தவிர இருந்தது என் தம்பி ஒருவன். அவனுக்குத் தோட்டத்து ஸ்டோரில் கித்தாப் பால் உறைய வைக்கிற வேலை. இது போதாதா?

"என்னைய சயாமுக்கு அனுப்பிட்டு இங்க என்னடா பண்ணப்போற?"

"மாமா, உங்க வீட்டுலதான் திங்கிறேன். உங்களுக்கே குழி வெட்டுவேனா?"

"ஐயோ, அவன் என் கூடப் பொறந்தவன்ங்க!" என்று கத்தினேன். அவர் கேட்டால்தானே! தம்பி துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு, கல்யாணமாகாத ஆட்கள் தங்கும் கடைசி லயத்துக்குப் போய்விட்டான். நான் வைத்த மரவள்ளிக் கிழங்கைத் தொடக்கூட இல்லை.

அவன் போன பிறகும் வண்டி நின்றது.

ஒருநாள் காலை, டாங்கியிலிருந்து பெட்ரோல் இறங்கும் குழாயைக் கழற்றிக் கீழே வைத்திருந்தார். நகர்த்தி வைக்கலாம் என்று எடுத்தேன், விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பழைய குழாய் வெடித்துப்போனபோது, புதுசு எங்கும் கிடைக்காமல், கம்பியைப் பாலில் முக்கி முக்கிக் காயவைத்துப் புகை போட்டு, கம்பியை உருவி அவரே செய்த குழாய். லயம் முழுக்கக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டார். கித்தாக்காட்டில் பிழைக்கிறவனுக்கு எது உடைந்தாலும் பாலில்தான் கை போகும்.

"ஏங்க, துணியில பால் கறை பட்டா மண்ணெண்ணெயில ஊற வப்போம்ல? கறை என்ன ஆவுது? பெட்ரோலும் அதே வேலையத்தான் செய்யுது. உங்க கொழாதாங்க கரையுது!"

அவர் குழாயை வாங்கி நசுக்கிப் பார்த்தார், அதே பிசின்தான் வந்தது.

"மொதல்ல போயி என் தம்பியக் கூட்டிட்டு வாங்க" என்றேன்.

"இத மாத்திட்டுப் போறேன், புள்ள."

துரை பங்களாவில் கிடந்த செம்புக் குழாயைக் கொண்டுவந்து வளைத்துப் பொருத்திக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஜப்பான்காரன் லாரி வந்தது. குடும்பக்காரர்களை விட்டுவிட்டு, கடைசி லயத்தை மட்டும் வளைத்து, இருந்த ஆட்களை எல்லாம் சயாமுக்கு ஏற்றினார்கள். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் லாரி சடக்கில் ஏறிவிட்டது. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு சுங்கை பட்டாணி ஸ்டேஷனுக்குப் பறந்தார்.

பொழுது சாயத் திரும்பினார். பின்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

"எங்கயும் நிக்கல, புள்ள. ஒரு எடத்துலகூட நிக்கல. ரயிலுதான் போயிருச்சு" என்று வாசலில் உட்கார்ந்து அழுதார்.

எனக்கு அழுகை வரவில்லை.

"நல்லா ஓடுதுல்ல? இனிமே உங்கள யாரும் சயாமுக்கு அனுப்ப மாட்டாங்க" என்றேன்.