ரெஜினாக்காவும் லேபிள் மெஷினும்

ரெஜினாக்காவின் இடது மணிக்கட்டில் ‘மல்லித்தூள்’ ஒட்டியிருக்கிறது. லேபிளை அச்சடித்து, பின்தாளை நகத்தால் உரித்து, அது சேர வேண்டிய இடத்துக்குப் போகும்வரை தன் கையிலேயே ஒட்டிக்கொள்வது அவர் பழக்கம். வழியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் போச்சு. போன மாதம் ‘பாத்ரூம் சாவி’யோடு ஞாயிறு ஆராதனைக்கே போய்விட்டு வந்தார். “பாதிரியாரே பாத்து சிரிச்சிட்டாரு” என்று பெருமையாகத்தான் சொன்னார்.

ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பெண்கள் விடுதிக்கு வார்டன், சமையல், காவல் எல்லாம் அவர்தான். நான் அருகிலுள்ள பள்ளியில் ஆசிரியை. இங்கே தங்கியிருப்பவர்களில் மூத்தவள். அதனால் எனக்கு ‘டீச்சரு’ என்று தனி மரியாதை. லேபிள் மெஷின், வெளிநாடு போன வினிதா என்ற பெண் விட்டுச் சென்றது. அதற்குத் தமிழ் வராது. எங்கள் மஞ்சள்தூள்கூட ஆங்கில எழுத்தில்தான் இருக்கிறது. பேட்டரி தீர்ந்தால் ரெஜினாக்கா டிவி ரிமோட்டிலிருந்து கழற்றி மெஷினில் போட்டுவிடுவார். அன்றைக்கு வீடு முழுக்க ஒரே சேனல்தான்.

மெஷின் வருவதற்கு முன்னால் தினமும் காலையில் பக்கெட் சண்டை. எல்லாம் ஒரே கடையில் வாங்கிய ஒரே சிவப்பு. இப்போது பக்கெட், செருப்பு ரேக், ஃப்ரிட்ஜ் தட்டு என்று எல்லாவற்றிலும் பெயர் இருக்கிறது. ஆனால் புதிதாக வருகிறவளுக்கு உடனே பெயர் கிடைத்துவிடாது. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் முன்னால் கொஞ்சம் வெற்று டேப் வீணாகும். “மூணு பேரு சேரட்டும். ஒருத்திக்காவ டேப்ப வேஸ்ட் பண்ண முடியாது” என்பார். அதுவரை அவள் பெயரில்லாமல்தான் குளிக்க வேண்டும்.

இன்னொரு சட்டமும் உண்டு. “லேபிள் ஒண்ணு, உள்ள வேற ஒண்ணு, அதுமட்டும் இந்த வூட்ல கூடாது.” ரவை டப்பாவில் யாரோ சர்க்கரையைக் கொட்டியதற்கு ஒருநாள் முழுக்கத் திட்டினார்.

இப்படிப்பட்டவர் செய்த காரியத்தைத்தான் சொல்ல வந்தேன்.

கடப்பாக்கத்துப் பெண் அனு. கூடுவாஞ்சேரியில் அவள் வேலை பார்த்த ஆபீசை மூடிவிட்டார்கள். பெட்டியோடு ஊருக்குக் கிளம்பும்போது ரெஜினாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, ஒரு இன்டர்வியூ குடுத்துக்கீறேன். ரிசல்ட்டு வர்ற வரைக்கும் என் கட்டில யாருக்கும் குடுத்துடாதீங்க. இடமும் போச்சுன்னா எங்க வூட்ல கல்யாணத்தப் பண்ணி அனுப்பிடுவாங்க.” ரெஜினாக்கா அவள் பக்கெட்டில் இருந்த பெயரை உரிக்கவில்லை.

விடுதி முதலாளி திருவேங்கடம் சார் போன் செய்தார்: ஞாயிற்றுக்கிழமை வந்து கட்டிலைப் பார்க்கிறேன், வேறு ஆள் வருகிறது. அன்று சாயங்காலம் சமையலறையில் மெஷின் கிர்ரென்றது. ஒரே ஒரு லேபிள் வெளியே வந்தது.

“ஒண்ணே ஒண்ணா?” என்றேன்.

“ஒண்ணுதான் டீச்சரு” என்று மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டு மாடியேறினார். பின்னாலேயே போனேன். அனுவின் இரும்புக் கட்டிலில், தலைமாட்டில், ‘ரிப்பேர்’ என்று ஒட்டினார். இந்த விடுதியிலேயே கிரீச்சிடாத கட்டில் அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை சார் வந்ததும் நேராக அதன்மேலேயே உட்கார்ந்தார். “இன்னாம்மா, இது சும்மாதானே கீது?”

“பாத்து சார், காலு ஆடுது. வுழுந்து வெச்சிடப் போறீங்க. லேபிள் ஒட்டிக்கீறேன் பாருங்க.”

அவர் அலறியடித்துக்கொண்டு எழுந்தார். குனிந்து லேபிளைப் படித்தார். “நீ ஒட்டிட்டின்னா சரியாத்தான் இருக்கும். வெல்டர வரச் சொல்லு.”

“சொல்லிக்கினேதான் கீறேன் சார். வர மாட்றான்.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பை அடக்கத்தான்; ஆனால் அந்த மனுஷியின் மேல் அப்போது எனக்கு வந்த பிரியத்தைச் சொல்லி முடியாது.

இன்று காலை அனு வந்துவிட்டாள். வேலை கிடைத்துவிட்டது. செங்கல்பட்டு வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயில், கையில் கருவாட்டுப் பொட்டலம். ரயில் பெட்டியே தனக்கு வழிவிட்டதாகச் சொல்லிச் சிரித்தாள். கருவாடு டப்பாவுக்குப் போயிற்று. அதற்கு லேபிள் வேண்டுமென்றால் இன்னும் இரண்டு டப்பா சேர வேண்டும்.

மாடிக்குப் போனதும் தலைமாட்டைப் பார்த்துத் திகைத்தாள். “அக்கா, கட்டிலுக்கு இன்னா ஆச்சு?”

“சரியாப்பூட்ச்சு” என்றார் ரெஜினாக்கா.

மூலையை நகத்தால் நெம்பி, கிழியாமல் மெதுவாக உரித்தார். ‘மல்லித்தூளு’க்குப் பக்கத்தில் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்கினார். குப்பைக்கூடைக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். “இன்னொருத்திக்கு ஆவும் டீச்சரு” என்று தன் பீரோவைத் திறந்தார். கதவின் உட்புறம், கைக்கு எட்டும் உயரத்தில், ‘ரிப்பேரை’ ஒட்டி, கட்டை விரலால் ஒருமுறை நீவிவிட்டுக் கதவைச் சாத்தினார்.