பெட்டரி இறங்கிய பக்கம்

நாற்பதைத் தொட்ட பிறகு ரொக் பாட்டு கேட்டால் எனக்குத் தலை வலிக்கிறது. இதை ஒப்புக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது. மாத்தளை டவுனில் வாங்கிய சீடியைப் போட்டு, ஒரு காலத்தில் நான் உயிரையே விடத் தயாராக இருந்த, கேசட்டின் ஏ பக்கத்துப் பாட்டுகளைக் கேட்டேன். ஒரே இரைச்சல். மூன்றாவது பாட்டிலேயே சத்தத்தைக் குறைத்துவிட்டேன். நாள் முழுக்க வகுப்பில் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு வருகிறவனுக்கு இது வேறு எதற்கு?

சீடியை எனக்காக வாங்கவில்லை. அண்ணனுக்காக வாங்கினேன்.

எங்கள் தோட்டம் இரத்தோட்டைக்கு மேலே. அப்போது நாங்கள் இருந்த லயத்து வீடுகளுக்குக் கரண்ட் கிடையாது. தேயிலை ஸ்டோரில் வேலை செய்த அண்ணன் ஒரு கேசட் பெட்டி வாங்கினார். டவுனில் ரெக்கோடிங் பார் என்று பாட்டுப் பதியும் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா, ஒரு வெள்ளைக்காரக் கோஷ்டியின் அல்பத்தை எங்களுக்குப் பதிந்து கொடுத்தார். பெட்டிக்கு ஆறு பெரிய பெட்டரி வேண்டும். புதுசு வாங்குவது தீபாவளிக்குத் தீபாவளிதான். மற்ற நாளெல்லாம் பழசையே வெயிலில் காய வைப்போம், மழையென்றால் அடுப்போரத்தில். காய்ந்த பெட்டரி கொஞ்ச நேரம் தெம்பாக ஓடும், பிறகு சோர்ந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் முதலில் ஏ பக்கத்தைப் போடுவார். நான் குதித்துக் குதித்து ஆடுவேன். அது முடிந்த பிறகுதான் பி பக்கம். அதில் கடைசிப் பாட்டென்றால் அண்ணனுக்கு உயிர். பாடகனின் குரல் கனத்து, இழுத்து இழுத்து, எழவு வீட்டிலிருந்து வருவதுபோல் இருக்கும். அண்ணன் கண்ணை மூடிக்கொள்வார்.

"என்னண்ணே, ஒப்பாரி வைக்கிறான்?" என்பேன்.

"ஒனக்கு வெளங்காதுடா," என்பார்.

ஒருநாள் கொழும்புக்குப் போன இடத்தில் அண்ணனைப் புலி என்ற சந்தேகத்தில் பொலிஸார் பிடித்து வைத்துக்கொண்டார்கள். மூன்று வருடம். அம்மாவும் நானும் மனுக்களைத் தூக்கிக்கொண்டு அலைந்து அலைந்து ஓய்ந்துபோனோம். அந்த நாட்களில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். பி பக்கத்தின் மேல் சினிமாப் பாட்டுகளைப் பதிந்துவிட்டேன். ஒப்பாரிதானே, போனால் போகட்டும் என்ற திமிர்.

திரும்பி வந்த அன்று அண்ணன் குளித்தார், சாப்பிட்டார், நேராகப் பெட்டியிடம் போனார். பி பக்கத்தைப் போட்டதும் ஏதோ டூயட் வந்தது. நிறுத்திவிட்டார். என்னைத் திட்டவில்லை. அதன்பிறகு "சாப்பிட்டியா", "பஸ் வந்திருச்சா" என்பதைத் தாண்டி என்னோடு பேசவும் இல்லை. நான் வாத்தியாரானேன், டவுனில் குடியேறினேன், கல்யாணம் செய்தேன். எல்லாவற்றுக்கும் வந்து போனார், பேச்சு மட்டும் அவ்வளவுதான். நாலு அறை அறைந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது லயத்துக்குக் கரண்ட் வந்துவிட்டது. சீடியையும் பிளேயரையும் பையில் போட்டுக்கொண்டு, செக்பொயின்டில் இறங்கிப் பையைத் திறந்து காட்டி, மறுபடி பஸ் ஏறி அண்ணனிடம் போனேன். அவரைக் கேட்காமலே, வீட்டில் நான் போட்டுப் பார்க்காத அந்தக் கடைசிப் பாட்டைப் போட்டேன்.

விசிலும் கைதட்டுமாக ஒரு துள்ளல் பாட்டு வந்தது. கல்யாண வீட்டில் போடலாம். மெட்டென்னவோ அதேதான். கடைக்காரன் வேறு எதையோ கொடுத்து ஏமாற்றிவிட்டானா என்று அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

அண்ணன் சிரித்தார். வெளியே வந்ததிலிருந்து அவர் என் முன்னால் சிரித்ததில்லை.

"பாட்டு இதுதான்டா. பெட்டரி எறங்கிப்போயி ஓடுனதுல அப்பிடி இழுத்துச்சு."

"தெரிஞ்சுதானாண்ணே கேட்டீங்க?"

"தெரியாமயா? காய வச்ச பெட்டரி ஒரு பக்கத்துக்குத்தான் தாங்கும். நீ ஆடுவியேன்னு ஒம் பக்கத்த மொதல்ல போட்டுருவேன். மிச்சத்துல ஓடுனது எனக்கு. கேட்டுக் கேட்டு அதுவே புடிச்சுப்போச்சு."

"அத அழிச்சது நான்தாண்ணே. மன்னிச்சிருங்க," என்றேன்.

அண்ணன் சீடியின் அட்டையை எடுத்து மூடிவைத்தார்.

"ஒம் பக்கத்தப் போடுடா," என்றார்.

போட்டேன். தலை வலித்தது. சத்தத்தைக் குறைக்காமல் ஏழு பாட்டும் முடியும்வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.