நாற்பத்தேழாம் இலக்கப் படம்

இது நடந்தது. 2012ஆம் ஆண்டு நோன்பு மாதம், இருபதாவது நோன்பு, வியாழக்கிழமை, மாலை 6 மணி 7 நிமிடம். நேரம் கெமராவிலேயே பதிந்திருக்கிறது. நம்ப மனமில்லாதவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போகலாம், கோபிக்க மாட்டேன். ஆனால் ஜின்னாக இருக்கும், ஷைத்தானாக இருக்கும் என்று மட்டும் சொல்லிக்கொண்டு வராதீர்கள். நோன்பு மாதத்தில் ஷைத்தான்களுக்கு விலங்கு போட்டுவிடுவார்கள் என்று கேட்டு வளர்ந்தவள் மர்ளியா. எல்லாவற்றையும் கட்டிப்போட்ட மாதத்தில் தன் முன்னால் வந்து நின்றது எது என்று அவள் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மர்ளியாவுக்கு அப்போது இருபத்தேழு வயது. மன்னாரிலிருந்து 1990இல் விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு புத்தளத்துக்கு வந்த குடும்பம். முகாமில் வளர்ந்து, படித்து, ஒரு நிவாரண அமைப்பில் கள உத்தியோகத்தராகச் சேர்ந்திருந்தாள். மார்க்கத்தின் பெயரால் நடக்கும் அமைப்பு. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். பெயரில் கருணை இருந்தது, அந்தமட்டும் போதும்.

நோன்பு வந்தால் ஏழைக் குடும்பங்களுக்கு உலர் உணவுப் பொதி கொடுப்பார்கள். அரிசி, மா, பருப்பு, பால்மா, பேரீச்சம்பழம், எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு கிலோ. வாங்குகிறவர் பதாகைக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். பொதியை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். படம் இல்லையென்றால் பொதி இல்லை. வெளிநாட்டில் உதவி செய்தவர்கள் கேட்கிறார்கள், நான் என்ன செய்ய என்பார் தலைவர் பதுர்தீன் ஹாஜியார். அவர் அழும் முகங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். கொஞ்சம் சிரிக்கச் சொல்லி எடுத்திருக்கலாமே என்பார்.

படம் பிடிப்பது மர்ளியாவின் வேலை. அவளுக்கு அந்த வேலை வயிற்றெரிச்சல். அவளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது முகாமில் இப்படித்தான் ஒரு நீல வாளியைக் கொடுத்து அவளையும் உம்மாவையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். உம்மா சீலைத் தலைப்பால் முகத்தை மறைத்தார். யாரோ ஒருவர் வந்து, கை கூசாமல், அந்தத் தலைப்பை விலக்கிவிட்டுப் போனார். இப்போது விலக்குகிறவள் அவளே. மாதச் சம்பளம் வாயைக் கட்டிப் போட்டிருந்தது.

கண்டல்முனை என்பது கடல்நீர் தேங்கும் களப்பின் ஓரத்தில் ஒரு குடியிருப்பு. உப்பளத்தைத் தாண்டி, கைவிட்ட இறால் பண்ணைகளைத் தாண்டிப் போக வேண்டும். ஐந்தாவது நோன்பன்று அங்கே பொதி கொடுத்தார்கள். நூற்றுப்பன்னிரண்டு பெயர்கள் இருந்த பட்டியலில் நாற்பத்தேழாவது பெயர் மஹ்மூதா. அவள் வரவில்லை. கணவன் களப்பில் தோணி கவிழ்ந்து மௌத்தாகி இரண்டு மாதந்தான் ஆகியிருந்தது. அவள் இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, வீட்டைவிட்டு வெளியே வராமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கும் காலம் அது. மார்க்கம் படித்த ஹாஜியாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மர்ளியா அவளுடைய வீட்டுக்கே போனாள். கடைசி வீடு, தென்னோலைக் கிடுகும் தகரமும். உள்ளே திரைச்சீலை தொங்கியது. திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. எட்டு வயது மகள் நஃபீஸா, இடுப்பில் தம்பியோடு, அங்கும் இங்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முகம் காட்ட ஏலாது மிஸ். கைய நீட்டி வாங்குறன். கைய மட்டும் படம் எடுங்க."

மர்ளியாவுக்கு அது நியாயமாகப் பட்டது. அங்கிருந்தே ஹாஜியாரோடு தொலைபேசியில் பேசினாள்.

"கைய வச்சு என்ன செய்ற? ஆர்ட கை எண்டு ஆருக்குத் தெரியும்? முகம் இல்லாட்டிப் பேர வெட்டுங்க."

வெட்டினாள். சிவப்புப் பேனையால், அடிமட்டம் வைத்து, ஒரு கோடு. அந்தப் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. பொதி திரும்பவும் வேனில் ஏறியது.

பிறகு பதினைந்து நாள் அவளைக் கற்பிட்டிப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பினால் அந்தக் கோடுதான் கண்ணுக்குள் நின்றது. முதலில் ஹாஜியார்மீது கோபம் வந்தது. பிறகு படம் கேட்டவர்கள்மீது. சுற்றி வளைத்துக் கடைசியில் அது தன்மீதே வந்து நிற்கும். இருபதாவது நோன்பன்று அலுவலகத்துக்குத் திரும்பியபோது அந்தப் பொதி அலுமாரிக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது. ஹாஜியாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்குப் படங்கள் போக வேண்டும், நூற்றுப்பன்னிரண்டுக்கு ஒன்று குறைகிறது, போய் எப்படியாவது முகத்தை எடுத்துக்கொண்டு வா என்றார்.

மர்ளியா சரி என்று தலையாட்டினாள். மனதுக்குள் வேறு முடிவு. பொதியைக் கொடுப்பது, படம் எடுப்பதில்லை. வேலை போனால் போகட்டும், அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் இது போய்ச் சேர வேண்டும்.

கண்டல்முனையை அடையும்போது மணி 5.50. மணலில் ஸ்கூட்டி புதைந்தது. அதை உப்பளப் பாதையில் விட்டுவிட்டு, பன்னிரண்டு கிலோவையும் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தாள். நோன்புத் தாகத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. மற்ற வீடுகளில் கஞ்சி மணத்தது. பெருநாள் வருகிற சந்தோஷத்தில் எங்கோ சிறுவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

கடைசி வீட்டில் புகை இல்லை.

வாசலின் படலைக் கதவு வெளிப்பக்கமாகக் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. இத்தாவில் இருக்கும் பெண்ணை உள்ளே வைத்து யார் வெளியே கட்டியது என்று எரிச்சலோடு நினைத்தாள். பக்கத்து வீட்டார் நாய் நுழையாமல் கட்டியிருக்கலாம். பொதியை வாசலில் இறக்கி வைத்துவிட்டுக் குரல் கொடுத்தாள்.

"மஹ்மூதா ராத்தா..."

களப்புக் காற்று விழுந்துவிட்டது. சிறுவர்களின் சத்தமும் கேட்கவில்லை.

ஒரு வாசம் வந்தது. கற்பூரம்.

முஸ்லிம் வீட்டில் கற்பூரமா? உடுப்புக்குள் வைத்த பூச்சி உருண்டையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். தோள்மூட்டைத் தடவியபடி களப்புப் பக்கம் ஒருமுறை திரும்பினாள். எண்ணி மூன்று விநாடி இருக்கும்.

திரும்பிப் பார்த்தபோது படலை திறந்திருந்தது.

கிறீச்சென்ற சத்தம் இல்லை. கயிறு அவிழ்ந்த சத்தம் இல்லை. வாசலில் ஒரு பெண் நின்றாள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை.

"இத்தா முடிஞ்சிட்டு மிஸ்."

அதே குரல். திரைக்குப் பின்னால் கேட்ட குரல்.

மர்ளியா மனதுக்குள் எண்ணினாள். இரண்டு மாதம்... இதோடு ஒரு பதினைந்து நாள். நான்கு மாதம் எங்கே, இது எங்கே? முடிந்திருக்க வழியே இல்லை. முடிந்தால் இன்னும் ஏன் வெள்ளை?

"படம் வேணாம் ராத்தா. நான் சும்மா தாறன்."

"படம் இல்லாட்டிப் பேர வெட்டுவீங்க."

குரலில் கெஞ்சல் இல்லை. கோபம். அடித்தொண்டையிலிருந்து வந்த கோபம்.

"முகந்தானே கேட்டீங்க. எடுங்க."

மர்ளியா கெமராவை எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்குத் தெரியாது. திரையில் பார்த்தாள்...

பொதி அந்தப் பெண்ணின் நெஞ்சில் இருந்தது.

அவள் குனியவில்லை. அடி எடுத்து வைக்கவில்லை.

வெள்ளைத் துணியின் ஓரத்தில், தோளுக்குக் கிட்ட, நீல நிறத்தில் ஏதோ எழுத்து. அந்தப் பெண் கண் இமைக்காமல் கெமராவையே பார்த்தாள்.

கிளிக்.

6.07.

"போங்க மிஸ். பாங்கு சொல்லப் போறாங்க."

மர்ளியா ஓடினாள். செருப்பு ஒன்று மணலில் போனது. திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பள்ளியில் பாங்கு கேட்டது. 6.26. பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தாள்.

விடிந்ததும் வெள்ளிக்கிழமை. வெளிச்சத்தில் அவளுக்கு வெட்கமாக இருந்தது. நோன்புக் களைப்பு, வெயில், குற்ற உணர்ச்சி, எல்லாம் சேர்ந்து தலையைச் சுற்றவைத்துவிட்டது என்று தனக்குத் தானே சமாதானம் சொன்னாள். காலை 8.40க்கு ஹாஜியார் படங்களைக் கணினியில் பார்த்தார். நாற்பத்தேழில் நின்றார். முகம் அருமையாக விழுந்திருக்கிறது என்றார். பிறகு நெற்றியைச் சுருக்கினார்.

"கை எங்க? பொதி தானா நிக்கிற மாதிரிக் கிடக்கு. போய் இன்னொருக்கா எடுத்துட்டு வாங்க."

மர்ளியாவுக்கு வந்த கோபத்தில் பயம் பறந்தே போனது. கையை மட்டும் படம் எடுங்கள் என்று அந்தப் பெண் கெஞ்சியபோது முகம் கேட்டார். முகம் வந்தபிறகு கை கேட்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

10.15க்குக் கண்டல்முனை. படலை வெளிப்பக்கமாகக் கட்டியிருந்தது. முடிச்சின்மேல் சிலந்தி வலை. அவளுடைய செருப்பு மணலில் கிடந்தது.

பக்கத்து வீட்டு ஃபஹ்மியா வெளியே வந்தாள். நாற்பது வயதுப் பெண். அவளுடைய முற்றத்தில் நஃபீஸாவும் தம்பியும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் அந்தப் பொதி, பிரித்தபடி.

"நேத்து பாங்கு சொல்லக்குள்ள எங்கட வாசல்ல இருந்திச்சு. நீங்கதான் வச்சிட்டுப் போனீங்க எண்டு நினச்சன்."

மர்ளியா இல்லை என்று தலையசைத்தாள். மஹ்மூதா எங்கே என்று கேட்டாள்.

ஃபஹ்மியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிள்ளைகளுக்குக் கேட்காமல் இருக்க வேலியோரம் கூட்டிக்கொண்டு போனாள். அவள் சொன்னது இதுதான். பொதி திரும்பிப் போனபிறகு அந்த வீட்டில் நான்கு நாளாகக் கஞ்சி மட்டுந்தான். அக்கம்பக்கத்தில் கேட்க மஹ்மூதாவுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. நண்டு பொறுக்கினால் விற்கலாம் என்று நினைத்திருக்கிறாள். பகலில் போனால் ஆண்கள் பார்ப்பார்கள், இத்தா முறிந்துவிடும். ஒன்பதாவது நோன்பன்று, ஸஹருக்கு முன்னால், ஆள் தெரியாத இருட்டில் களப்புக்குப் போனாள். இறால் பண்ணை வாய்க்கால் ஆழம் என்று அவளுக்குத் தெரியவில்லை. விடிந்து கண்டெடுத்தபோது மௌத்தாகிக் கிடந்தாள்.

"நேத்தோட பதினொரு நாளு," என்றாள் மர்ளியா.

கெமராவை நீட்டினாள்.

ஃபஹ்மியா பார்த்தாள். விரல் திரையில், தோள் இருந்த இடத்தில், அந்த நீல எழுத்தில் போய் நின்றது.

"மையித்தக் கற்பூரத் தண்ணியில குளிப்பாட்டினது நான். கபன் துணி சுத்தினதும் நான். துணிக்கட்டு முடியிற துண்டுதான் கிடச்சது, கடக்காரன்ட நீல முத்திரையோட. உள்ளுக்கு மடிக்கத் துணி காணல்ல."

பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"கை எப்பிடித் தெரியும் மிஸ்? உள்ளுக்கு வச்சுச் சுத்தினது நான்தானே."

மர்ளியா அன்றைக்கே வேலையை விட்டாள். ஹாஜியாரின் மேசைக்கு முன்னால் நின்று, அவளைக் கொன்றது நாம் இரண்டு பேரும் என்று சொல்லிவிட்டே வெளியே வந்தாள். அவர் நம்பவில்லை. நீ அவசரத்தில் வேறு யாரோ ஒரு பொம்பிளையைப் படம் எடுத்திருக்கிறாய் என்றார். படம் அதற்குள் வெளிநாட்டுக்குப் போய்விட்டது.

அங்கே அந்த முகம் எல்லோருக்கும் பிடித்துப்போனதாம். கலண்டரில் போட்டார்களாம். அடுத்த நோன்புக்கும் அதே பெண்ணுக்குக் கொடுத்து, அதே பெண்ணின் படத்தை அனுப்பச் சொன்னார்களாம். ஹாஜியார் புதிதாக வந்த ஒரு பிள்ளையிடம் படத்தைக் கொடுத்து, கண்டல்முனையில் போய் ஆளைத் தேடு என்று அனுப்பியிருக்கிறார்.

இதெல்லாம் மர்ளியாவுக்குத் தெரியாது. அவள் முந்தலில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். 2013 நோன்பில் ஒரு நாள் மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஃபஹ்மியா தொலைபேசியில் பேசினாள். எங்கள் வாசலில் ஒரு பொதி இருக்கிறது, பிள்ளைகளுக்கு அனுப்பியது நீங்களா என்று கேட்டாள்.

இல்லை என்றாள் மர்ளியா.

அடுத்த நாள் பகல் 11.20க்கு ஹாஜியார் தொலைபேசியில் பேசினார். குரலில் வெற்றி.

"நீ வீணாப் பயந்து வேலைய விட்ட மகள். அந்தப் பொம்பிள உசிரோடதான் ஈக்கிறா. நம்மட புதுப் புள்ள நேத்துப் போய்ப் படம் எடுத்துட்டு வந்துட்டா."

அவர் அதோடு நிறுத்தவில்லை.

"இந்த முறை கை ரெண்டும் வடிவாத் தெரியுது. ஒரே மண்ணு. கழுவிட்டு நிக்கச் சொல்லியிருக்கலாம்."