எச்சரிக்கை சாரும் மயில்துத்தமும்

அவருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது கல்லூரி அலுவலகத்துக் கோப்புக்குள் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக முப்பத்தோரு வருடம் ஓட்டிய அவரை மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக ‘எச்சரிக்கை சார்’ என்றுதான் அழைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு அவர் காதிலேயே விழும்படி சொன்னார்கள். அவரும் அதைப் பட்டம் வாங்கிய மாதிரி ஏற்றுக்கொண்டுவிட்டார்.

உண்மையில் அவர் பட்டம் எதுவும் வாங்கியதில்லை. பள்ளிப் படிப்போடு சரி. கரைசல் கலக்குவது, குடுவை கழுவுவது, புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவது, இதுதான் வேலை. ஆனால் வருடத்தின் முதல் நாள் புது மாணவர்களை நிற்கவைத்து அவர் பேசும் பேச்சுக்கு முன்னால் பேராசிரியர்களே வாயை மூடிக்கொள்வார்கள்.

அந்தப் பேச்சில் அமிலத்துக்கு ஐந்து நிமிடம்தான். மயில்துத்தத்துக்கு அரை மணி நேரம். “ஆசிட்ட பாத்தா நீங்களே நாலடி தள்ளி நிப்பீங்க. அத பத்தி நான் என்ன சொல்றது? இந்த காப்பர் சல்பேட் இருக்கே, மோதிரத்துக் கல்லு மாதிரி அழகா சிரிச்சிட்டு உக்காந்திருக்கும். அதான் பயம்,” என்பார். வயிற்றுக்குள் போனால் குடலைப் புரட்டி வாந்தி எடுக்கவைக்கும், கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். தோலில் பட்டால் அரிக்கும். கண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம். தொட்டியில் ஊற்றினால் சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போய் மீன்களைக் கொல்லும். அதனால் மிச்சக் கரைசல் எல்லாம் மூலையில் இருக்கும் பிளாஸ்டிக் கேனுக்குள்தான் போக வேண்டும். அந்தக் கேனை அவர் பெற்ற பிள்ளையைப் போல் பார்த்துக்கொண்டார்.

வீட்டிலும் இதே கதைதான். மனைவி தையற்காரி. அவள் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு அளவெடுத்தால் இவருக்கு மூச்சு நின்றுவிடும். “முப்பது வருசமா ஒரு ஊசியையும் நான் முழுங்கல. உங்க பேச்சத்தான் முழுங்கிட்டிருக்கேன்,” என்று அவள் சொல்லிக்கொண்டே தைப்பாள்.

ஆய்வகத்தில் கண் கழுவும் குழாய் வேண்டும் என்று இரண்டு வருடம் மனு மேல் மனு போட்டு, துறைத் தலைவியின் தூக்கத்தைக் கெடுத்து, ஒருவழியாக வாங்கிவிட்டார். பக்கத்துச் சுவரில் தன் கைப்பட ஓர் அட்டை எழுதி மாட்டினார்: கண்ணைத் தேய்க்காதே, இமையைத் திறந்து பிடி, குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவு. குழாய்க்குள் தண்ணீர் தேங்கிக் கெடக்கூடாது என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் மூன்று நிமிடம் திறந்துவிடுவார். தரையெல்லாம் வெள்ளம். அதைத் துடைப்பது துப்புரவு வேலை செய்யும் அம்மாளின் தலையெழுத்து.

“ஆளுக்கு குளியல் இல்லன்னாலும் குழாய்க்கு வாராவாரம் குளியல்,” என்று முணுமுணுத்துக்கொண்டே அந்த அம்மாள் துடைப்பாள். பதினோரு வருடமாக அவருடைய முதல் நாள் பேச்சை வராந்தாவில் நின்று கேட்டுக் கேட்டு அவளுக்கு அது மனப்பாடம்.

சம்பவம் நடந்த அன்று நல்ல புழுக்கம். நீலப் படிகங்களைச் சூடாக்கினால் அவற்றுக்குள் இருக்கும் நீர் ஆவியாகி வெள்ளைப் பொடியாகிவிடும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சூடு கிளம்பி மறுபடி நீலமாகும். மாணவர்கள் வாயைப் பிளந்து பார்க்கும் சோதனை அது. அதற்காக முந்தின நாளே வறுத்து வைத்த வெள்ளைப் பொடி கட்டி தட்டியிருந்தது. எச்சரிக்கை சார் அதைக் கல்வத்தில் போட்டு இடிக்க ஆரம்பித்தார். கையுறை மாட்டியிருந்தார். வெள்ளை அங்கி போட்டிருந்தார். பாதுகாப்புக் கண்ணாடியும் மாட்டித்தான் இருந்தார். ஆனால் அதில் ஆவி படிந்து எதுவும் தெரியவில்லை. ஒரு நிமிட வேலைதானே என்று அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து இரண்டு மாணவிகள் வகுப்புக்கு முன்கூட்டியே உள்ளே வந்தார்கள். இருவர் முகத்திலும் கண்ணாடி இல்லை. அவருக்குச் சுர்ரென்று ஏறியது. கை இடித்துக்கொண்டிருக்க, தலை திரும்பியது. “கண்ணாடி எங்க?” என்று அவர் கேட்ட அதே நொடியில் குழவி வழுக்கி ஒரு கட்டியின் விளிம்பில் அடித்தது. குப்பென்று எழும்பிய பொடி நேராக அவருடைய இடது கண்ணுக்குள் போயிற்று.

தணலை அள்ளிக் கண்ணில் அப்பியது போல் இருந்தது. சோதனையில் தண்ணீருக்கு என்ன நடக்குமோ, அதுதான் அவருடைய கண்ணீருக்கும் நடந்தது. பொடி ஈரம் பட்டுச் சூடாகி எரிந்தது. கண்ணோரத்தில் வெளிர்நீலமாக ஏதோ வழிவதைப் பார்த்த மாணவி ஒருத்தி வெலவெலத்துப்போனாள். முப்பத்தோரு வருடப் பேச்சு அத்தனையும் பறந்துபோய், பச்சைப் பிள்ளை மாதிரி அவர் கையுறை போட்ட கையாலேயே கண்ணைத் தேய்க்கப் போனார்.

அந்த மணிக்கட்டை யாரோ இரும்புப் பிடியாகப் பிடித்தார்கள். வராந்தாவில் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள்தான். துடைப்பத்தைப் போட்டது போட்டபடி ஓடிவந்திருந்தாள்.

“தேய்க்காதீங்கண்ணே. வாங்க இப்பிடி.”

தரதரவென்று இழுத்துப்போய்க் குழாயைத் திறந்து, அவர் பிடரியில் கை வைத்துக் குனியவைத்தாள். இமையை விரல்களால் விரித்தாள். தண்ணீருக்கு நடுவிலும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. கை சுத்தமா என்று கேட்டார். இப்போதுதான் கையுறையைக் கழற்றினேன், உங்கள் கையைவிடச் சுத்தம்தான் என்றாள் அம்மாள். ஒரு மாணவி துறைத் தலைவியை அழைக்க ஓடினாள். இன்னொருத்தி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து நின்றாள்.

சற்று நேரத்தில் எரிச்சல் கொஞ்சம் மட்டுப்பட்டது. அவர் தலையை நிமிர்த்தப் பார்த்தார். “போதும் விடும்மா. எல்லாம் போயிருக்கும்.”

“நாலு நிமிசம்தான் ஆச்சு. அட்டையில பதினஞ்சுன்னு போட்டிருக்கு.”

“எழுதினவனே நான்தான். எனக்கு தெரியாதா?”

“தெரிஞ்சவரு கண்ணாடிய ஏன் நெத்தியில மாட்டியிருக்கீங்க?”

அவர் மீண்டும் குனிந்துகொண்டார். தண்ணீர் அங்கியை நனைத்து, காலணிக்குள் இறங்கி, அறையின் பாதி வரை ஓடியது. அவளும்தான் தொப்பலாக நனைந்திருந்தாள். பதினைந்து நிமிடம் ஆனதும் மாணவி குரல் கொடுத்தாள். அம்மாள் இன்னும் ஒரு நிமிடம் வைத்திருந்துதான் விட்டாள்.

கண் மருத்துவர் மறுபடி ஒரு தடவை கழுவி, சாயம் விட்டு, விளக்கு வைத்துப் பார்த்தார். கருவிழியில் சின்னச் சிராய்ப்பு, ஒரு வாரச் சொட்டு மருந்தில் ஆறிவிடும் என்றார். பிறகு, எத்தனை நிமிடம் கழுவினீர்கள் என்று கேட்டார். இவர் வாயைத் திறப்பதற்குள், கூடவே வந்திருந்த அம்மாள் பதினாறு என்றாள். பாதியில் நிறுத்திவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம், அப்படி வந்திருந்தால் பார்வைக்கே உத்தரவாதம் இல்லை என்று மருத்துவர் சொன்னபோது, எச்சரிக்கை சார் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

செய்தி கேட்டு அரக்கப் பரக்க ஓடிவந்த மனைவி, கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று தெரியும்வரை வாய் திறக்கவில்லை. தெரிந்தபின் மூடவில்லை. “கண்ணு முகத்துல இருக்கா, நெத்தியில இருக்கான்னு கூட தெரியாமலா இத்தன வருசம் வேல பாத்தீங்க?” என்று தொடங்கி, வீடு வந்து சேரும்வரை தொடர்ந்தாள். ஆனால் ஒரு வேளை சொட்டு மருந்துகூட அவள் கை தவறவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் கை கழுவச் சொல்வதற்கு முன்னால் ஈரக் கையை அவர் மூக்கருகே நீட்டிச் சோப்பு வாசனை காட்டினாள்.

ஒரு வாரம் கழித்துக் கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்குப் போனார். விபத்துப் பதிவேட்டில் சம்பவ நாளுக்கான பக்கம் காலியாகக் காத்திருந்தது. அந்தப் பதிவேட்டையும் அவர்தான் கேட்டு வாங்கிவைத்திருந்தார். துறைத் தலைவிக்கு அவர்மேல் இரக்கம். எதிர்பாராத விதமாகப் பொடி பறந்தது என்று எழுதிவிடலாம் என்றார்.

“எதிர்பாராதது ஒண்ணும் இல்ல மேடம். கண்ணாடி என் நெத்தியில இருந்துச்சு. அதத்தான் எழுதணும்.”

அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு அந்த அம்மாளைக் கூப்பிட்டு, முதலுதவி செய்தவர் என்ற இடத்தில் அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவள் புடவையில் விரல்களை நன்றாகத் துடைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக, கோட்டுக்கு வெளியே போகாமல் போட்டாள்.

அடுத்த வருட முதல் நாள் பேச்சில் மயில்துத்தத்துக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. தன் கதையை அவரே சொன்னார். மாணவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். கண்ணாடிகளை விநியோகித்தபோது நெட்டை மாணவி ஒருத்தி, இதில் ஆவி படிந்து ஒன்றுமே தெரியாது சார் என்று இழுத்தாள். முன்பென்றால் அவளுக்குத் தனியாக ஒரு பிரசங்கம் கிடைத்திருக்கும். அவர் சோப்புக் கரைசல் புட்டியை எடுத்து, ஆவி படியாமல் இருக்க அவள் கண்ணாடியின் உட்பக்கம் ஒரே ஒரு சொட்டு விட்டுத் துணியால் மெல்லத் துடைத்துக் கொடுத்தார்.

“இப்ப போட்டு பாரும்மா. தெரியுதா?”

தெரிகிறது என்றாள் அவள். அவளுக்குப் பின்னால் அடுத்தவன் தன் கண்ணாடியை நீட்டினான்.